புதிதாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்: படிப்பு உதவி, வழிகாட்டிகள், தலைமைப் பொறுப்புகள்

முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருடங்களாக என் வேலை. வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த உதவிகளுக்கு வேறு பெயர்கள் இருக்கலாம்; ஓரிடத்தில் தனி அலுவலகம் செய்யும் வேலையை இன்னோரிடத்தில் துறையே செய்யும். பெயர் பிடிபடவில்லை என்றால், துறை அலுவலகத்துக்குப் போய் "இதற்கு இங்கே யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

படிப்பு உதவி மையம் என்பது மார்க் குறைந்தவர்களுக்குத்தானே? நான் ஏன் போக வேண்டும்?

இல்லை. இந்த எண்ணத்தால்தான் நிறையப் பேர் வர வேண்டிய நேரத்தில் வராமல், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு வருகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1973-ல் அமெரிக்காவில், மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். பின்தங்கிய மாணவர் யார் என்று கண்டுபிடித்து அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கமான முறை. மார்ட்டின் வேறு இடத்திலிருந்து தொடங்கினார். எந்த மாணவர் பலவீனம் என்று பார்க்காமல், எந்தப் பாடம் கடினம் என்று பார்த்தார். நிறையப் பேர் தோற்கும், அல்லது பாதியில் விட்டுவிடும் பாடங்களுக்கு, அதில் பதிவு செய்த எல்லோரும் வரக்கூடிய கூட்டுப் படிப்பு அமர்வுகளை வைத்தார். நடத்துபவர் ஆசிரியர் இல்லை. அதே பாடத்தை முன்பு நன்றாக முடித்த ஒரு சீனியர். அவர் மறுபடியும் வகுப்பில் வந்து உட்காருவார், குறிப்பு எடுப்பார், பிறகு அமர்வில் ஜூனியர்களைப் பேச வைப்பார். பாடத்தை இன்னொரு முறை நடத்த மாட்டார். இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஆஸ்திரேலியாவில் 'பாஸ்' (Peer Assisted Study Sessions, சக மாணவர் உதவியோடு படிக்கும் அமர்வுகள்) என்ற சுருக்கப் பெயரில் நடக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, யார் மீதும் முத்திரை விழாததுதான். பாடம் கடினம் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் அந்த அறைக்குள் போவதில் என்ன கூச்சம்? என் அனுபவத்தில், இப்படிப்பட்ட அமர்வுகளுக்கு விடாமல் வருபவர்களில் நல்ல மார்க் வாங்குபவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். எண்பது மார்க்கைத் தொண்ணூறு ஆக்க வருபவருக்கும், முப்பதை ஐம்பது ஆக்க வருபவருக்கும் ஒரே மேசைதான்.

உதவி என்று நிறையச் சொல்கிறார்கள். யாரிடம் எதற்குப் போவது?

எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது, ஒன்றை விட்டால் பின்னால் எது தடைபடும், துறை மாற முடியுமா என்பதெல்லாம் பாட ஆலோசகரின் வேலை. ஒரு கணக்கு வரவில்லை, ஒரு கருத்து புரியவில்லை என்றால் ட்யூட்டர் அல்லது கூட்டுப் படிப்பு அமர்வு. கட்டுரை எழுதத் தடுமாறினால் எழுத்து மையம். அவர்கள் உங்கள் பிழைகளைத் திருத்திக் கொடுக்கும் ஆட்கள் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உங்களோடு உட்கார்ந்து, "இந்தப் பத்தியில் நீங்கள் சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டுக் கேட்டு உங்களையே திருத்த வைப்பார்கள். ஒரு வரிகூட எழுதாத நிலையிலும், தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு போகலாம்.

நூலகரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மணி நேரம் இணையத்தில் தேடிக் கிடைக்காத கட்டுரையை அவர் பத்து நிமிடத்தில் எடுத்துக்காட்டுவார். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பார்வை, செவித்திறன், கற்றல் குறைபாடு, நீண்டகால நோய் என்று ஏதாவது இருந்தால், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவில் முதல் வாரமே பதிவு செய்துவிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குச் சான்றிதழும் அனுமதியும் வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நடக்காமல் போகலாம்.

எப்போது போவது சரியான நேரம்?

மூன்றாவது வாரம். முதல் வாரத்தில் என்ன புரியவில்லை என்பதே தெரிந்திருக்காது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் முதல் தேர்வு வந்து நிற்கும். மூன்றாவது வாரத்தில்தான் "இந்தப் பாடத்தில் நாம் வகுப்போடு ஒட்டிப் போகிறோமா, பின்னால் இழுபடுகிறோமா" என்பது பிடிபடும். சரி செய்யவும் அவகாசம் இருக்கும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. ஒரே பாடத்தின் இரண்டு வகுப்புகள் தொடர்ந்து புரியவில்லை என்றால், மூன்றாவது வகுப்புக்கு முன்னால் யாரையாவது பாருங்கள். பல பாடங்கள் படிக்கட்டு மாதிரி. ஒரு படி உடைந்தால் அதற்கு மேலே உள்ள எல்லாமே ஆடும்.

ஆசிரியரை அவர் அறையில் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். போய் என்ன பேசுவது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலோ அறைக் கதவிலோ எழுதியிருக்கும். அது உங்களுக்கான நேரம். அவர் வேறு வேலையாக இருக்கும்போது நீங்கள் போய்த் தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் யாருமே வராமல் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும்.

"எனக்கு ஒன்றுமே புரியவில்லை" என்று போய் நின்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எதுவரை வந்தீர்கள், எங்கே சிக்கினீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "சார், இந்தக் கணக்கில் மூன்றாவது வரி வரை வந்துவிட்டேன். நான்காவது வரியில் குறி ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை" என்றால், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேர்வுத்தாளைக் கொண்டுபோய் "இந்த விடைக்கு முழு மார்க் வாங்க நான் இன்னும் என்ன எழுதியிருக்க வேண்டும், மேடம்?" என்று கேட்பது இன்னும் நல்லது. மார்க்கைக் கூட்டச் சொல்லும் கேள்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியருக்கு உடனே தெரியும்.

பாடத்தில் சந்தேகமே இல்லாவிட்டாலும் போகலாம். "நேற்று வகுப்பில் நீங்கள் சொன்ன அந்த விஷயத்தைப் பற்றி மேலும் படிக்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம்?" என்ற ஒரு கேள்வி போதும். ஆய்வு உதவியாளர் வாய்ப்போ பரிந்துரைக் கடிதமோ வேண்டிய நாளில், உங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் தொடங்குங்கள். உங்கள் பெயர், எந்தப் பாடம், எந்தப் பிரிவு, சந்தேகம் என்ன, எப்போது வரலாம். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். இரண்டு பேராகப் போவதும் நல்ல வழிதான். துணைக்கு ஆள் இருந்தால் கதவைத் தட்டக் கை வரும்.

பள்ளியில் நான்தான் முதல். இங்கே அதே மாதிரி படித்தும் மார்க் வரவில்லை. ஏன்?

உங்கள் மூளை மாறிவிடவில்லை. வேலையின் அளவும் தன்மையும் மாறிவிட்டன. ஐரோப்பியக் கிரெடிட் முறையை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு முழு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது வருடத்துக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். வகுப்பு, லேப், சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வகுப்பில் உட்காருவது மட்டும் படிப்பு என்று நினைத்தால் பெரும் பகுதி விடுபட்டுப் போகும். பள்ளியில் அந்த மீதி வேலையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே உங்களுக்காகச் செய்து தந்தார்கள்: திரும்பத் திரும்ப நடத்தினார்கள், வாராவாரம் தேர்வு வைத்தார்கள். இங்கே அதை நீங்களே செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதற்கு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடி மறுபடி படித்தார்கள். சிலர் படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, அதனால் இரண்டாவது வழிதான் உங்களுக்கு உதவும். 2013-ல் டன்லோஸ்கியும் அவருடைய சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாட்களுக்குள் பரப்பி வைப்பதும் மேலே வந்தன. கோடு போட்டுப் படிப்பதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. நம்மில் பெரும்பாலோர் செய்வது இந்தக் கடைசி இரண்டையும்தான்.

ஆகவே இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். காலையில் கேட்ட வகுப்பை, நோட்டைத் திறக்காமல், ஒரு வெள்ளைத் தாளில் பத்து நிமிடம் எழுதுங்கள். எழுத வராத இடங்கள்தான் நாளைக்கு நீங்கள் ட்யூட்டரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்விகள்.

தனியாகப் படித்தால்தான் எனக்கு ஓடும். கூட்டாகப் படிப்பது நேரம் வீணடிப்பு இல்லையா?

அரட்டையாகப் போனால் வீண்தான். ஆனால் யூரி ட்ரைஸ்மன் கண்டதைக் கேளுங்கள். 1970-களில் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆர்வம் குறைவு, அடிப்படை போதாது, குடும்ப ஆதரவு இல்லை, வருமானம் குறைவு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் மாணவர்களோடு கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. தோற்றவர்கள் ஆசிரியர்கள் சொன்னபடியே கடுமையாக, தனியாகப் படித்தார்கள். தேறியவர்கள் தனியாகவும் படித்தார்கள், பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் தவறை இன்னொருவர் பிடித்தார். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கணக்கின் கடினம், தன் குறை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அதன் பிறகு அவர் தொடங்கிய பயிற்சி வகுப்புகளில் எளிதான கணக்குகளைக் கொடுக்கவில்லை. இன்னும் கடினமானவற்றைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். வந்தவர்களின் மார்க் நன்றாக உயர்ந்தது. இந்தக் கதையை நான் ஒவ்வொரு புது வகுப்புக்கும் சொல்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மூன்று அல்லது நான்கு பேர் போதும். வரும் முன் எல்லோரும் தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

இங்கே எல்லோரும் என்னைவிடப் புத்திசாலியாகத் தெரிகிறார்கள். தவறுதலாக எனக்கு இடம் கிடைத்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

இந்த உணர்வுக்கு 'இம்போஸ்டர்' உணர்வு, அதாவது தன்னைப் போலி என்று நினைப்பது, என்று ஒரு பெயரே இருக்கிறது. சாதித்த பெண்களிடமே "நான் உண்மையில் தகுதியானவள் இல்லை, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்ற பயம் இருப்பதை 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் விவரித்து எழுதினார்கள். முதல் செமஸ்டரில் என் முன்னால் உட்காரும் பலரிடம் இது இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள்.

2011-ல் வால்டன், கோஹன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள்: "முதல் வருடம் எனக்கும் அந்நியமாகத்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது." பிறகு அதைப் பற்றி மாணவர்களையே எழுத வைத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மார்க் அடுத்த மூன்று வருடங்களில் மேலேறியது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு சீனியரிடம் போய் "உங்கள் முதல் செமஸ்டர் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காத பதில் வரும்.

பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தொட ஆரம்பித்தால், அது வழிகாட்டியின் எல்லையைத் தாண்டிய விஷயம். வளாகத்தின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான்.

ட்யூட்டரும் வழிகாட்டியும் ஒன்றுதானே?

ட்யூட்டர் பாடத்துக்கு, வழிகாட்டி ஆளுக்கு. ட்யூட்டரிடம் இந்த வாரத்துக் கணக்கைக் கேட்பீர்கள், வழிகாட்டியிடம் "இந்தத் துறையில் நான் தொடரலாமா?" என்று கேட்பீர்கள். கேத்தி கிராம் என்ற ஆய்வாளர் 1985-ல், வழிகாட்டிகள் செய்யும் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தொழில் சார்ந்தது: வாய்ப்புகளைக் காட்டுவது, ஆட்களை அறிமுகம் செய்வது, சவாலான வேலையைக் கொடுப்பது. இன்னொன்று மனம் சார்ந்தது: கேட்பது, ஏற்றுக்கொள்வது, தானே முன்மாதிரியாக நிற்பது. இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை. அன்றாடச் சிக்கலுக்கு உங்களைவிட ஒன்றிரண்டு வருடம் மூத்த ஒரு சீனியர், துறைக்கு ஓர் ஆசிரியர், வேலை உலகத்துக்கு ஒரு முன்னாள் மாணவர் என்று மூன்று பேர் இருந்தால் நிறைவாக இருக்கும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டித் திட்டமே இல்லை. நானே ஒருவரைத் தேட முடியுமா?

முடியும், பலருக்கு அப்படித்தான் கிடைத்திருக்கிறார்கள். ஆனால் "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு பொறுப்பு என்று தெரியாததால் அவர் தயங்குவார். சின்னதாகக் கேளுங்கள்: "அக்கா, போன வருடம் நீங்கள் எடுத்த அந்தப் பாடத்தைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியுமா?" பேசிய பிறகு, அவர் சொன்னதைச் செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று இரண்டு வாரத்தில் தெரிவியுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தன் சொல் பயன்பட்டது என்று தெரிந்தவர் அடுத்த முறை தானே நேரம் ஒதுக்குவார். மூன்று நான்கு முறை இப்படி நடந்தால் வழிகாட்டி கிடைத்துவிட்டார் என்று அர்த்தம், அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்காவிட்டாலும்.

ஒதுக்கப்பட்ட வழிகாட்டியோடு ஒத்துவரவில்லை. மாற்றச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். பட்டியலைப் பார்த்துச் சேர்த்துவிட்ட இணை அது. எல்லா இணையும் பொருந்தாது. இரண்டு சந்திப்பு முயன்று பாருங்கள், பிறகு திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வழிகாட்டி உங்களை மரியாதையில்லாமல் நடத்தினாலோ, எல்லை மீறினாலோ, இரண்டாவது சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பல்கலைக்கழகம் வந்தேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் தலைமுறை மாணவர்களுக்குப் பாடத்தைவிடப் பாஷைதான் அதிகம் இடிக்கிறது. கிரெடிட், ஜிபிஏ (எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரி மதிப்பெண்), முன்தேவைப் பாடம், பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதி: இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. உங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் புரியாத சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள். வாரம் ஒருமுறை ஆலோசகரிடமோ சீனியரிடமோ அந்தப் பட்டியலை நீட்டுங்கள். குறிப்பாக ஒரு தேதியை இன்றே கேட்டு வையுங்கள்: ஒரு பாடத்திலிருந்து மார்க்பட்டியலில் அடி விழாமல் விலக எந்த நாள் வரை அனுமதி? அந்த ஒரு தேதி தெரியாததால் ஒரு முழு செமஸ்டரை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வாங்குபவர் என்றால், விலகுவதற்கு முன் அதன் நிபந்தனையையும் கேட்டுவிடுங்கள். குறைந்தபட்சக் கிரெடிட் என்று ஒன்று இருக்கக்கூடும்.

உதவி வாங்கினால் காப்பி அடித்ததாகிவிடுமா? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

ஒருவர் உங்களுக்குப் புரிய வைத்தால் அது உதவி. அவர் எழுதியதை உங்கள் பெயரில் கொடுத்தால் அது குற்றம். இரண்டுக்கும் நடுவில் மங்கலான இடங்கள் உண்டு, அங்கே நானாக ஊகிப்பதைவிட ஆசிரியரைக் கேட்பதையே சொல்வேன். கருவிகளைப் பற்றிப் பாடத்துக்குப் பாடம் விதி மாறுகிறது: ஒருவர் அனுமதிப்பார், இன்னொருவர் முற்றிலும் தடை செய்வார். பாடத்திட்டத் தாளைப் பாருங்கள், அதில் இல்லையென்றால் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டிலேயே தலைமைப் பொறுப்புக்குப் போகலாமா?

போகலாம், சிறியதாகத் தொடங்கினால். பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைமை என்பது புதிதாக வந்த அலங்காரம் இல்லை. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியாவில் மாணவர்களே சங்கமாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர்களோடு ஒப்பந்தம் செய்தார்கள். பாடம் தாமதமாகத் தொடங்கினால் ஆசிரியருக்கு அபராதம்கூட விதித்தார்கள். அவ்வளவு அதிகாரம் இன்று யாருக்கும் இல்லை. ஆனாலும் வகுப்புப் பிரதிநிதி, மன்றச் செயலாளர், விடுதிக் குழு, மாணவர் பேரவை, பாடத்திட்டக் குழுவில் மாணவர் உறுப்பினர் என்று இடங்கள் இருக்கின்றன.

முதல் வருடம் ஒரு மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, யாரும் விரும்பாத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, வரவு செலவு பார்ப்பது, அரங்கம் பதிவு செய்வது மாதிரி. குறிப்பு எழுதுபவருக்கு மன்றத்தில் நடக்கும் எல்லாமே தெரிந்துவிடும். கணக்கு பார்ப்பவரைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. அடுத்த வருடம் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பெயரை மற்றவர்கள் சொல்வார்கள்.

வகுப்புப் பிரதிநிதி ஆனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பின் குறையை ஆசிரியரிடம் கொண்டுபோனால், பதில் என்ன வந்தது என்று வகுப்புக்குத் திரும்ப வந்து சொல்லுங்கள், பதில் "முடியாது" என்றாலும். இந்தத் திரும்பி வருதலில்தான் நம்பிக்கை வளர்கிறது.

எனக்கு மேடைப் பேச்சு வராது, கூச்சம் அதிகம். தலைமை எல்லாம் எனக்குச் சரிப்படுமா?

நான் பார்த்த நல்ல மன்றத் தலைவர்களில் சிலர் கூட்டத்தில் பத்து வாக்கியம்கூடப் பேச மாட்டார்கள். யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களைக் கேட்பார்கள்; சொன்ன தேதியில் வேலையை முடிப்பார்கள். பேச்சு பழகினால் வரும். முதலில் நான்கு பேர் கொண்ட படிப்புக் குழுவில் ஒரு கணக்கை விளக்குங்கள், பிறகு வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு மன்றத்தில் இரண்டு நிமிட அறிவிப்பு.

எத்தனை பொறுப்புகளை ஏற்கலாம்?

முதலாண்டில் ஒன்று. தேர்வு வாரத்திலும் உங்களால் செய்ய முடியும் என்ற அளவுக்கு மட்டும். மார்க் இறங்கத் தொடங்கினால் பொறுப்பை விட்டு விலகுவதில் அவமானம் இல்லை. ஆனால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் சொல்லி, கையில் இருப்பதை ஒரு தாளில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.

நானே ஜூனியர்களுக்கு வழிகாட்டி ஆக வேண்டும். முதல் மார்க் வாங்கியிருக்க வேண்டுமா?

பாட அமர்வு நடத்த அந்தப் பாடத்தில் நல்ல மார்க் கேட்பார்கள். வழிகாட்டிக்கு அப்படி இல்லை. ஒருமுறை தடுமாறி, உதவி கேட்டு, மேலே வந்தவர்தான் எனக்குக் கிடைக்கும் சிறந்த வழிகாட்டி. எந்தக் கதவைத் தட்ட வேண்டும், தட்டும்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பவருக்கும் லாபம் உண்டு: இன்னொருவருக்கு விளக்கப் போகிறோம் என்று படிக்கும்போது, நம் புரிதலில் உள்ள ஓட்டைகள் நமக்கே தெரிந்துவிடும்.

வழக்கமாக முதல் வருட முடிவில் அறிவிப்பு வரும். விண்ணப்பம், சின்ன நேர்காணல், சில நாள் பயிற்சி. நேர்காணலில் சாதனைப் பட்டியலை வாசிப்பதைவிட, நீங்கள் ஒருவருக்கு உதவிய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அந்த உதவி பலிக்காமல் போயிருந்தாலும் சரி.

ஜூனியர் என்னிடம் ரகசியமாக ஒன்றைச் சொன்னால் யாரிடமும் சொல்லக் கூடாதா?

மார்க், குடும்பம், காதல், பணக்கஷ்டம் பற்றிச் சொன்னால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தன் உயிரையோ இன்னொருவரையோ பற்றிய ஆபத்து என்றால் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வது என்னோடு இருக்கும். உனக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் போவேன்." அப்படி ஒரு நாள் வந்தால், ஆலோசனை மையத்தின் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கூடவே நடந்து போங்கள், அவர் உள்ளே போய் உட்காரும் வரை இருங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், உங்களுக்கும் பேச ஒருவர் தேவைப்படும்.